சூரியனுக்கு எழுதிய மானியம்

மானியம் என்னுஞ் சொல் இன்று நம்மவர் நாவில் மலிந்து கிடக்கின்றது. உர மானியம், விதை மானியம், மண்ணெண்ணெய் மானியம் என்று கமக்காரர் கூடும் இடமெல்லாம் அச்சொல்லே முன்னிற்கின்றது. பழைய காலத்தில் அதன் பொருள் வேறு. கோயிலில் விளக்கேற்றுவோனுக்கும், மேளம் வாசிப்போனுக்கும், குளத்தைக் காப்போனுக்கும் அவரவர் செய்யும் பணியின் பொருட்டு இறை நீக்கி விடப்பட்ட நிலமே மானியம் எனப்பட்டது. பணி நின்றால் மானியமும் நின்றுவிடும். பணி நடக்குங்காறும் பின்வந்த அரசனும் அதனைத் தொடான். சாசனம் எழுதியோர் சந்திராதித்தர் உள்ளவரை என்று முடித்து வைத்ததும் இதனாலேயே. எதன் பொருட்டுக் கொடுக்கப்படுகின்றது, எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கப்படுகின்றது என்னும் இரண்டுங் கல்லில் வெட்டப்பட்டன.

இக்காலத்து அரசுகள் வீட்டுக்காரருக்கு வழங்கும் மானியங்களையும் இவ்விரு வினாக்களாலேயே அளந்து பார்க்கலாம். ஊரார் சோலார் என்று வழங்கும் சூரிய மின்தகடுகள் நம் கூரைகளின் மேல் ஏறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. அவை தரும் மின்சாரத்துக்கு அரசு பேசிய விலை 2016ஆம் ஆண்டிலிருந்து பல முறை மாறிவிட்டது. அம்மாற்றங்களால் யார் பெற்றார், யார் இழந்தார், யார் வாசலுக்கே வராது நின்றார் என்பது இங்கே ஆராயப்படும்.

முதலில் எம்மவர் குடியேறிய குளிர்நாடுகளை ஒருமுறை பார்த்து வருதல் நன்று. இலண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ ஆகிய நகரங்களில் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அளவெட்டியில் அரிது. அங்கிருந்து வருங் கடிதங்களில் (இப்பொழுது கடிதம் ஏது, தொலைபேசிப் பேச்சுக்களில்) சில ஆண்டுகளாக ஒரு புதுக் கருவியின் பெயர் அடிபடுகின்றது. வெப்பப் பம்பி என்பது அதன் பெயர். துலா கிணற்றின் ஆழத்திற் கிடக்கும் நீரை மேட்டுக்கு ஏற்றுவது போல, இக்கருவி வெளியே குளிர்ந்த காற்றில் எஞ்சிக் கிடக்கும் வெப்பத்தைக் கவர்ந்து வீட்டினுள் ஏற்றுகின்றது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திற் கை வைத்தாற் சூடு தெரியுமன்றோ? பெட்டிக்குள்ளிருந்து ஏற்றப்பட்ட வெப்பம் அது. ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட்டு ஏறக்குறைய மூன்று அலகு வெப்பத்தை இக்கருவியாற் பெறலாம் என்பர். துலா மிதிப்போன் நீரை உண்டாக்குவதில்லை, உள்ள நீரை ஏற்றுகின்றான். சிக்கனத்தின் இரகசியம் இதுவே. வெப்பத் துலா என்று பெயரிட்டிருந்தால் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் விளங்கியிருக்கும். ஆயிற் கலைச்சொல் ஆக்குவோர் பாட்டிமாரைக் கேட்கும் வழக்கம் இல்லை.

இக்கருவி விலை கூடியது. எரிவாயுவிற் கொதிகலம் வைத்து வீட்டைச் சூடாக்கிப் பழகியவர் அதனைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்த வேண்டுமாயின் அரசு கை கொடுக்க வேண்டியிருந்தது. பிரித்தானியா இதனை இரு வகையாற் செய்து பார்த்தது. 2014ஆம் ஆண்டு தொடக்கம் 2022ஆம் ஆண்டு வரை வீடுகளுக்கு நடந்த திட்டத்திற், கருவியை முதலில் வீட்டுக்காரர் தம் கைப்பணத்தாற் பொருத்த வேண்டும். பின்பு ஏழாண்டுகள் வரை காலாண்டு தோறும் அரசு பணம் அனுப்பும். ஏழாண்டிற் சேரும் தொகை சிறிதன்று. ஆயினும் முதலிற் போடுவதற்குப் பணம் உள்ளவனுக்கன்றோ அது பயன்படும்? ஆகவே 2022இல் அம்முறையை நிறுத்தி, பொருத்தும் வேளையிலேயே விலையிற் கழித்துவிடும் ஐயாயிரம் பவுண் கொடையாக மாற்றினர். 2023 ஒற்றோபர் மாதத்தில் அத்தொகை ஏழாயிரத்து ஐந்நூறு பவுணாக உயர்ந்தது. நோர்வேயின் வழி வேறு. அங்கே எண்ணெய் எரிப்பதற்கு வரி விதித்து வந்து, இறுதியில் 2020ஆம் ஆண்டு முதல் வீடுகளை எண்ணெயாற் சூடாக்குவதையே சட்டத்தினால் நிறுத்திவிட்டனர். சாம தான பேத தண்டம் என்று நம் முன்னோர் வகுத்த நான்கில், பிரித்தானியர் தானத்தையும் நோர்வேயர் தண்டத்தையும் பெரிதும் நம்பினர் எனலாம்.

தானம் பிழைத்துப்போன கதை ஒன்றும் அப்பக்கத்தில் உண்டு. வட அயர்லாந்தில் 2012ஆம் ஆண்டிலே, தொழிற்சாலைகளும் பண்ணைகளும் எண்ணெயை விட்டு மரத்தூட் குளிகைகளை எரித்துச் சூடு பெற வேண்டும் என்று கருதி ஒரு மானியம் ஏற்படுத்தினர். உண்டாக்கும் வெப்பத்தின் ஒவ்வோர் அலகுக்கும் இவ்வளவு பணம் என்பது ஏற்பாடு. பிரித்தானியாவின் ஏனைய பகுதிகளில் நடந்த திட்டத்தில், ஒரு குறித்த அளவைத் தாண்டியதும் அலகின் விலை குறையும் என்று ஒரு தடை வைத்திருந்தார்கள். வட அயர்லாந்தார் பிரதி செய்தபோது அத்தடையை எழுதாது விட்டனர். விளைவு யாது? மானியப் பணம் விறகின் விலையிலும் மேற்பட்டதாய் இருந்தது. எரிக்க எரிக்க இலாபம். ஆளும் மாடும் இல்லாத வெறுங் கொட்டகைகளும் பகலிரவாகச் சூடாக்கப்படுகின்றன என்னுங் குற்றச்சாட்டு எழுந்தது. 2016இற் புதியோர் சேர்வது நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மாட்டின் மக்கினஸ் பதவி துறந்தார், அரசாங்கமே கவிழ்ந்தது, மூன்று ஆண்டுகள் கழிந்து 2020 ஜனவரியிலேதான் மீண்டும் ஓர் ஆட்சி அமைந்தது. வேறு பிணக்குகளும் அக்கவிழ்ச்சிக்குக் காரணமாயிருந்தன என்பது உண்மையே. எனினும் தீ மூட்டியது குளிகை அடுப்புத்தான்.

அவர்கள் வெப்பத்துக்குப் பணம் கொடுத்தார்கள், வெப்பம் கிடைத்தது. சிக்கனத்துக்குக் கொடுத்தார்களல்லர், சிக்கனம் கிடைக்கவில்லை. எதற்குக் கொடுக்கிறோமோ அதுவே விளையும். எதனை நினைத்துக் கொடுத்தோம் என்பதை மானியம் அறியாது. இதனை மனத்திற் கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

நமக்கு வீட்டைச் சூடாக்கும் கவலையில்லை. சித்திரை வெயிலிற் சீமெந்துத் தளத்தின் கீழ் இருந்து பார்த்தவருக்கு, ஏறிய வெப்பத்தை இறக்குவதற்கு யாரேனும் மானியம் தந்தால் நன்று என்றே தோன்றும். அவ்வெயிலைக் காசாக்கலாம் என்ற எண்ணமே நமது மானியத்துக்கு அடிப்படை. 2010ஆம் ஆண்டளவில் இலங்கை மின்சார சபை ஒரு பண்டமாற்று முறையை ஏற்படுத்தியது. பகலில் உங்கள் தகடு தரும் மின்சாரத்தை மின்வழிக்கு விடுங்கள். இரவில் அதேயளவு எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியது அடுத்த மாதக் கணக்கில் வரவு வைக்கப்படும், காசு கையில் வராது என்பது அதன் சாரம். 2016 செப்ரெம்பரில் அரசு சூரிய பல சங்கிராமய என்ற பெயரில், அதாவது சூரிய வலுவுக்கான போர் என்ற பெயரில், பெருந்திட்டம் ஒன்றைத் தொடக்கியது. போர் என்னும் பெயரை வடக்கே கேட்டபோது எமக்கு உண்டான உணர்ச்சி தெற்கே உண்டாயிருக்காது; அது நிற்க. 2020இல் இருநூறு மெகாவாற்று, 2025இல் ஆயிரம் மெகாவாற்று என்பன இலக்குகள். இம்முறை மிஞ்சிய மின்சாரத்துக்குக் காசு தருவதாகச் சொல்லப்பட்டது. அலகு ஒன்றுக்கு முதல் ஏழாண்டும் 22 ரூபா. எட்டாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு முடியப் 15 ரூபா 50 சதம். முழு உற்பத்தியையும் தனி மீற்றர் வைத்து விற்கும் முறையும் உடன் வந்தது. தகடு வாங்குவோருக்கு வங்கிகள் கடன் கொடுக்கும் பொருட்டு ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் ஐந்து கோடி டொலர் கடன் அளித்தது.

யாழ்ப்பாணத்தார் இதனை ஆவலோடு கேட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. மின்சாரம் இல்லாதிருப்பது எத்தகையது என்பதை இத்தீவில் எம்மைப் போல் அறிந்தவர் சிலரே. தொண்ணூறுகளில் ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, தைனமோவால் வானொலி கேட்டது. நாட்டின் பொது மின்வழி கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்தை மீண்டும் வந்தடைந்தது 2013இலேதான். அதற்கு முன் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின் ஆக்கினார்கள். அவ்வெண்ணெய் நிலத்தில் இறங்கிச் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்க் கிணறுகளிற் கலந்தது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் அங்கிருந்த தனியார் மின்நிலையக் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆறு இல்லாத நாட்டிற் கிணறே தாய். அதில் எண்ணெய் மிதக்கக் கண்டோ கேட்டோ இருந்த ஊராருக்கு, புகையும் கழிவும் இல்லாது கூரையிலிருந்து மின்சாரம் இறங்கும் என்ற செய்தி வெறும் வியாபாரச் செய்தியாகப் படவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐந்து கிலோவாற்றுத் தகடுகள் நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது அலகு தரும், மாதத்துக்கு அறுநூறு. முழுவதையும் 22 ரூபாவுக்கு விற்றால் மாதம் 13,200 ரூபா. 2016இன் இறுதியில் ஒருவர் கையொப்பம் இட்டார் என்று கொள்வோம். அந்நாளில் அது நல்ல வருமானமே. பின்பு 2022 வந்தது. நாட்டின் பணம் ஒரு சில வாரங்களிற் பாதியளவு மதிப்பிழந்தது. மார்ச்சு மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓகஸ்ற் மாதத்திற் சராசரி நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் மின்கட்டண ஏற்றம். 2023 பெப்ரவரியில் மேலும் அறுபத்தாறு வீதம். தகடும் இன்வேற்றரும் இறக்குமதிப் பொருள்களாதலால் அவற்றின் விலை ஏறிற்று. வங்கி வட்டி நூற்றுக்கு இருபதைத் தாண்டிற்று. பழைய 22 ரூபாவுக்குப் புதிதாய் ஒருவரும் வரமாட்டார் என்பது தெளிவாகவே, அரசு புதியவருக்கு அலகு 37 ரூபா என்று விலை கூறியது. அவ்விலையைக் குறை சொல்ல இடமில்லை. அன்றைய வட்டிக்கும் விலைவாசிக்கும் அதனிற் குறைந்தால் எவரும் அசைந்திரார்.

ஆனால் 2016இற் கையொப்பம் இட்டவர் நிலையைப் பாருங்கள். அவருடைய ஏழாண்டு 2023இன் முடிவில் நிறைந்தது. எட்டாம் ஆண்டு பிறந்தது. ஒப்பந்தப்படி விலை 15 ரூபா 50 சதமாக இறங்கிற்று. மாத வருமானம் 9,300 ரூபா. வேலிக்கு அப்பால் 2023இல் அதேயளவு தகடு பொருத்திய அயலவருக்கு மாதம் 22,200 ரூபா. ஒரே சூரியன், ஒரே திசை நோக்கிய கூரை, ஒரே மின்கம்பம். முன்வந்து முதலில் நம்பியவருக்குக் குறைந்த கூலி. இருந்து பார்த்து வந்தவருக்கு நிறைந்த கூலி. ஒப்பந்தம் எழுத்துப்படி காக்கப்பட்டது என்று அதிகாரிகள் சொல்லுவார்கள். காக்கப்பட்டது மெய்யே. ரூபாவின் எண் காக்கப்பட்டது. அதன் பெறுமதி காக்கப்படவில்லை. விலைவாசியோடு ஏறியிறங்கும் ஒரு வரியை ஒப்பந்தத்திற் சேர்த்திருந்தால் இது நேர்ந்திராது. பிரித்தானியர் தம் ஏழாண்டுத் திட்டத்தில் அவ்வாறே ஆண்டுதோறும் விலைவாசிக் கணக்குக்கு ஏற்ப உயர்த்தி வந்தார்கள்.

அதன் பின்னர் வட்டி இறங்கியது. தகட்டின் விலை உலகெங்கும் வீழ்ந்தது. 2024 நடுப்பகுதியிற் புதியவருக்குரிய விலை 27 ரூபா ஆயிற்று. 2025இல் ஐந்து கிலோவாற்றுக்குட்பட்ட சிறு கூரைகளுக்கு 20 ரூபா 90 சதம் என்றும், பெரிய கூரைகளுக்கு அதனினும் படிப்படியாகக் குறைவாகவும் வகுத்தார்கள். சிறியோனுக்கு அதிகமும் பெரியோனுக்குக் குறைவும் என்ற இப்பகுப்பு நேர்மையானது. பத்தாண்டுக்கு முன்னரே வந்திருக்க வேண்டியது.

கூரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவருடைய கூரைகளில் இத்தகடுகள் ஏறின என்று எங்கள் ஊர் ஒழுங்கைகள் வழியே சைக்கிளிற் போய்ப் பார்த்தால் தெரியும். வெளிநாட்டுப் பணத்திற் கட்டிய மாடி வீடுகள், கடைத்தொகுதிகள், திருமண மண்டபங்கள். வீட்டுக்காரர் கனடாவில் இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும். தகடு மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும். இதிற் குற்றம் ஒன்றுமில்லை. பூட்டிய வீடாவது ஒரு பணி செய்கின்றதே. ஆனால் ஓட்டு வீட்டுக்காரருக்கும், தகரக் கொட்டிலிற் குடியிருப்போருக்கும், மின்கணக்கு இறந்துபோன பாட்டனார் பெயரில் இருக்க உறுதி எங்கோ இடம்பெயர்வில் தொலைந்துபோன வலிகாமம் வடக்குக் குடும்பங்களுக்கும் இந்த வாசல் திறக்கவில்லை. கணக்கு எவர் பெயரில் உண்டோ அவரே ஒப்பந்தம் செய்யலாம். கடன் தீர்க்க வல்லவர் என்று வங்கி கருதுவோருக்கே கடன். 37 ரூபா கொடுத்த பணமோ எல்லாப் பாவனையாளரிடமும் கட்டணமாக வாங்கிய பணமே. 2022 ஏற்றத்தில், மிகக் குறைவாக மின்சாரம் பாவிக்கும் வீடுகளின் கட்டணமே விகிதத்தில் மிக அதிகமாக ஏறிற்று என்பதையும் சேர்த்து நினைத்தால், ஒற்றை மின்குமிழ் எரிக்கும் குடிசை மாடி வீட்டுக்கு மானியம் கொடுத்தது என்று சொல்வது மிகையாகாது.

இனி, எதன் பொருட்டுக் கொடுக்கப்பட்டது என்னும் வினா. அலகுக்கு இவ்வளவு என்றார்கள். எந்த வேளையில் தரும் அலகு என்று கேட்டார்களல்லர். சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில் எல்லாத் தகடுகளும் ஒருங்கே வாரி வழங்கின. நாட்டுக்கு மின்சாரம் மிகவும் வேண்டிய வேளையோ விளக்கு வைத்த பின்பு. 2025 வருவதற்குள் கூரைத் தகடுகளின் அளவு ஆயிரம் மெகாவாற்று என்ற இலக்கைக் கடந்துவிட்டது. இலக்கு நிறைவேறியது, தொல்லை தொடங்கியது.

2025 பெப்ரவரி 9ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் கூறினார். இராமாயணத்துக்குப் பின் இலங்கையில் ஒரு குரங்கு இவ்வளவு பேசப்பட்டதில்லை. ஆயின் குரங்கு வந்த நாள் ஞாயிறு என்பதே கவனிக்கத்தக்கது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன, மின்தேவை குறைவு, வெயிலோ நிறைவு. கூரைத் தகடுகளே மின்வழியில் பெரும்பங்கு செலுத்திக்கொண்டிருந்தன. பெரிய மின்நிலையங்களில் சுழலும் பாரமான சில்லுகள், வண்டியின் ஓட்டத்தைப் போல, திடீர் அதிர்ச்சி ஒன்றைச் சிறிது நேரம் தாங்கும். தகட்டுக்குச் சுழலும் சில்லு இல்லை. ஆகையால் அந்தத் தாங்கும் வலு அன்று மின்வழியிற் குறைந்திருந்தது. ஓரிடத்துப் பழுது நாடெங்கும் பரவிற்று. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று பகுதிகளும் நின்றுபோயின. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நேர்ந்தது. இதன் பின் ஏப்ரில் மாதத்திற், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி 13ஆந் தேதி தொடக்கம் 21ஆந் தேதி வரை பிற்பகல் மூன்று மணி மட்டும் உங்கள் தகடுகளை நீங்களாகவே நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கூரைக்காரரை வேண்டிக்கொண்டது. தாருங்கள் என்று பணம் கொடுத்தவரே தரவேண்டா என்று கைகூப்பும் நிலை வந்தது.

வட அயர்லாந்தின் அடுப்பும் நமது கூரையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே எரிந்தது வீண். இங்கே கிடைத்தது நல்ல மின்சாரம். அதனால் எண்ணெய்ச் செலவும் குறைந்தது. ஆனாற் பிழையின் வேர் ஒன்று. நண்பகல் அலகுக்கும் இராவேளை அலகுக்கும் ஒரே விலை கூறியமையால் நண்பகல் அலகே விளைந்தது. இதனை அரசும் உணர்ந்துகொண்டது போலும். 2025இன் பிற்பகுதியில், பகலிற் பற்றறியிற் சேமித்து மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரை தரும் அலகுக்கு 45 ரூபா 80 சதம் என்று தனி விலை வந்தது. வேளையறிந்து கொடுக்கும் மானியம் இது. எனினும் பற்றறி தகட்டினும் விலை கூடிய பண்டம். மீண்டும் மாடி வீடே முந்தும்.

நண்பகல் மின்சாரம் மிஞ்சிக் கிடக்கின்றது, கொள்வார் இல்லை என்று கொழும்பிற் கவலைப்படும் இந்நேரத்தில், நண்பகலுக்குச் சற்று முன்னும் பின்னும் மின்சாரத்தை ஆவலோடு கொள்ளக்கூடிய ஒரு கூட்டம் எங்கள் செம்மண் தோட்டங்களில் நிற்கின்றது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் நீர் இறைக்கும் கமக்காரர் இறைப்பதெல்லாம் பகலில். துலா போய் இறைப்பு இயந்திரம் வந்து இரண்டு தலைமுறை ஆகின்றது. அவற்றிற் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, வெங்காயம் காயக் காயப் பார்த்து நின்றவர் பலர். மின்சாரம் மிஞ்சும் வேளையும் கமக்காரனுக்கு அது வேண்டும் வேளையும் ஒன்றாயிருக்க, இவ்விரண்டையும் இணைக்கும் மானியம் ஒன்றை எவரும் பெரிதாக நினைக்கவில்லை. கூரையையே நினைத்தார்கள், கிணற்றை நினைத்தார்களல்லர்.

அப்படியாயிற் கிணறு தோறும் இலவசமாகச் சூரிய இறைப்பு இயந்திரம் கொடுத்துவிடலாமே என்று சிலர் துள்ளுவர். அங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1990 முதல் கமக்காரர் எல்லோருக்கும் இலவச மின்சாரம். இறைப்பதற்குச் செலவில்லை என்றானபின் கிணறுகள் ஆழ்ந்தன. ஆழ்குழாய்கள் அவற்றின் கீழே போயின. கொங்கு நாட்டிற் பல நூறு அடிக்குக் கீழும் நீர் தேட வேண்டியதாயிற்று. நம் நிலைமை அதனினும் நுட்பமானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் கீழ் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. மாரி மழையே அதற்கு வரவு; ஓடுவதற்கு வழுக்கையாற்றைத் தவிர ஆறு இல்லை, அதுவும் மழைக்காலத்து ஆறு. அளவுக்கு மேல் இறைத்தால் நன்னீர் வற்றுமுன் உவர் மேலெழும். எழுந்தபின் எளிதில் இறங்காது. மண்ணெண்ணெயின் விலை கொடியதேயாயினும், அது ஒரு வகையில் கிணற்றுக்கு வேலியாய் இருந்தது. வேலியைப் பிடுங்குமுன் வேறு வேலி நட வேண்டும்.

அவ்வாறு நட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு. குஜராத்திலே கேடா மாவட்டத்தில் துண்டி என்னுஞ் சிற்றூரில் 2016ஆம் ஆண்டு ஆறு கமக்காரர் சூரிய மின்கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தோட்டத்தில் தகடு நட்டு, அதனால் தேவைக்கு நீர் இறைத்தனர். இறைக்காத வேளையில் விளைந்த மின்சாரத்தை மின் கம்பனிக்கு அலகு 4 ரூபா 63 சதமாக, இந்திய நாணயத்தில், இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் விற்றனர். மானிய விலை மின் இணைப்பைக் கோருவதில்லை என்றும் உடன்பட்டனர். இதன் நுட்பம் எளிது. தகடு தந்த மின்சாரத்தை இறைப்பிற் செலவிட்டால் நீர். இறைக்காது விட்டாற் காசு. ஆகவே தேவைக்கு மேல் ஒரு வாளி நீர் இறைத்தாலும் அவ்வாளிக்கு ஒரு விலை உண்டு. அவ்விலை கமக்காரனுடைய சொந்தப் பையிலிருந்தே போகின்றது. இம்முயற்சிக்குத் துணைநின்று, நீரைக் காத்தமைக்கென்று மேலதிகத் தொகையும் சில காலம் கொடுத்தது பன்னாட்டு நீர் முகாமைத்துவ நிறுவனம். அதன் தலைமையகம் எங்கே என்று கேட்டால் வாசகர் வியப்பர்: கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில். நம் முற்றத்து மல்லிகை குஜராத்தில் மணக்கின்றது.

அளவெட்டிக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். எங்கள் தோட்டக் கிணறுகளிற் பல பங்குக் கிணறுகள். நாலைந்து குடும்பம் முறை வைத்து இறைக்கும், முறை தவறினாற் சண்டை, ஆகையால் தவறுவதில்லை. அத்தகைய கிணறு ஒன்றின் வரம்பில் மூன்று கிலோவாற்றுத் தகடு நாட்டப்பட்டது என்க. நாளொன்றுக்குப் பன்னிரண்டு அலகு விளையும். ஒன்றரைக் கிலோவாற்று மோட்டர் மூன்று மணித்தியாலம் இறைத்தால் நாலரை அலகு செல்லும். மிகுதி ஏழரை அலகு. 20 ரூபா 90 சதமாக 156 ரூபா 75 சதம். மாதத்துக்கு 4,700 ரூபா. மாரியில் வெயில் குறையும். ஆனால் இறைப்பும் இல்லை. விளைவது முழுவதும் விற்பனைக்கே. மண்ணெண்ணெய்க்குப் போன பணம் மிஞ்சுவது வேறு. இத்தொகை எவரையும் செல்வர் ஆக்காது. கடனைத் தவணை தவணையாகத் தீர்ப்பதற்கும், பங்காளிகள் கிணற்று நீரை எண்ணிச் செலவிடுவதற்கும் போதும்.

இதற்கு அரசு செய்ய வேண்டியவை சில. தனியாளின் பெயரில் மின்கணக்கு இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்திப் பங்குக் கிணற்றுக்காரரின் கூட்டுக்கோ, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஒப்பந்தம் செய்யும் உரிமை கொடுத்தல் முதலாவது. யாழ்ப்பாணத்திலே கூட்டுறவுக்குப் புதிதாய்ப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மூளாயிற் கூட்டுறவால் வைத்தியசாலையே நடத்திக் காட்டியவர்கள் நாம். மின்வழி எட்டாத தோட்டங்களுக்குக் கம்பமும் கம்பியும் நாட்டும் செலவைக் கமக்காரர் தலையிற் சுமத்தாதிருத்தல் அடுத்தது. மானியம் வேண்டுமாயின் அங்கேதான் வேண்டும். விலையை விலைவாசியோடு சேர்த்துக் கட்டுதல் மற்றொன்று. மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டங்கள் 2024இலும் 2025இலும் நிறைவேறியுள்ளன. சபை இருந்த இடத்துக்கு வரும் கம்பனி எதுவாயினும், இருபதாண்டு ஒப்பந்தங்களைத் தானும் ஏற்று நடத்தும் என்பதைக் கமக்காரனுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஒப்பந்தப் பத்திரம் வாசிக்கத் தெரிந்தவர் என்ற முறையிற் சிலர் என்னிடம் கொண்டுவந்து காட்டிய தமிழ்ப் பிரதிகள் தமிழ் எழுத்தில் இருந்தன என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

நீருக்குரிய தடை ஒன்றும் அப்பத்திரத்திற் சேர வேண்டும். சித்திரையில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து பதிந்து, மட்டம் காத்த கிணற்றுக்கு அலகுக்கு இரண்டு ரூபா கூட்டிக் கொடுக்கலாம். அளப்பதற்கு வெளியூர் நிபுணர் வேண்டியதில்லை. கயிறும் ஒரு சிறு மின்கடத்துமானியும் இருந்தால், விஞ்ஞானம் படிக்கும் மேல்வகுப்பு மாணவரே ஒரு சனிக்கிழமையில் இருபது கிணறு அளந்து வருவர்.